மாலிவான் ஏறாத குன்று

எங்கள் ஊரில் ஒருவர் பனிச்சறுக்குப் போனேன் என்று சொன்னால் போயிருப்பார். ஐந்து கிலோமீட்டர் என்றால் ஐந்துதான். பாதியில் திரும்பியிருந்தால் அதையும் சேர்த்தே சொல்வார். சும்மா ஒரு பேச்சுக்காக வார்த்தையைச் செலவழிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இதை மட்டும் மனசில் போட்டு வையுங்கள், கண்ணுகளா. மீதியை நான் சொல்கிறேன்.

மாலிவான் தாய்லாந்துக்காரி. ஃபின்லாந்தில் பியெலினென் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு, மரலாரி ஓட்டிக்கொண்டிருந்த தௌனோவைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்து மூன்றாவது வாரம் ஊர் விளையாட்டுக் கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். அவளுக்கு மாப்பைப் பிழியக் காட்டிக்கொடுத்தது நான்தான். அடுத்த வாரமே என்னைவிட நன்றாகப் பிழிந்தாள். அவர்கள் பக்கம் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். ஹில்க்கா என்கிற என் பெயர் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. அக்காதான்.

பதினாறு வருஷம் துடைத்தாள். பந்து விளையாடுகிற பெரிய கூடம், உடை மாற்றுகிற அறைகள், எடை தூக்குகிற அறை, படிக்கட்டு. குளிர்காலத்தில் ஊரே பூட்ஸில் பனியையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து அங்கே கொட்டும். அவளுக்குத் தெரிந்த எங்கள் பாஷை எல்லாம் வாளிக்குள் அடங்கிவிடும். வாளி, ஈரம், சாவி, போதும், நாளைக்கு. ஆமாம் என்பதற்கு யோ. இல்லை என்பதற்கு எய். தௌனோவும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ரெண்டு பேருக்கும் இருபது வார்த்தை தாராளமாகப் போதும். சண்டைகூட அந்த இருபதுக்குள்ளேயே முடிந்துவிடும்.

தௌனோ செத்த வருஷம் அவளுக்கு வலது தோள் இறுகிப்போனது. கை தோளுக்கு மேலே ஏறாது. அதற்கு முன்னாலேயே ரெண்டு முட்டியும் போய்விட்டன. குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைத் தேடுவாள். மருத்துவ விடுப்பு ஒரு வருஷம் ஓடியது. அதற்கு மேல் விடுப்புக் கிடையாது. உடம்பு முடியாதவர்களுக்கான ஓய்வூதியம் கேட்டு எழுதிப்போட வேண்டும். அதற்கு எங்கள் சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்து ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஓய்வூதியம் கிடைத்தால் அந்த மாப்பை அவள் மறுபடி தொட வேண்டாம். கிடைக்காவிட்டால் அதே கூடம், அதே வாளி. அவளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது.

விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்தவளை மாலை வகுப்பில் சேரச் சொன்னது நான். பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூடப் பாஷை வகுப்புக்குப் போனதில்லை. வேலை நேரம் எப்போதும் சாயங்காலம்தானே. செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு வகுப்பு. டீச்சர் பெயர் விர்பி, நல்ல பெண். அக்டோபர் முழுக்கச் சாப்பாட்டு வார்த்தைகள். நவம்பரில் உடற்பயிற்சி தொடங்கினாள்.

முதல் நாளே மாலி என் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, டீச்சர் குதிக்கறா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பைத்தியம்."

"பாடம் நடத்தறாடி. என்ன சொல்லிக் குடுத்தா?"

அட்டைகளை எடுத்துப் பரப்பினாள். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம், அடியில் வார்த்தை. நடப்பது, ஓடுவது, நீந்துவது, சைக்கிள் ஓட்டுவது, உடம்பை நீட்டி முறிப்பது. ஹீஹ்தா என்று ஒன்று. பனிச்சறுக்குப் பலகையில் போவது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். காற்றை ஊதுகிற மாதிரி இருக்கிறதாம்.

"டீச்சர் எல்லாரையும் கேக்கறா. நீங்க என்ன பயிற்சி? சிரியாக்காரர் கால்பந்து சொன்னார். உக்ரைன் பொண்ணு நீச்சல். நான் சொன்னேன், பயிற்சி இல்ல. தரை."

"அப்புறம்?"

"எல்லாரும் பேசாம இருக்காங்க. டீச்சர் மூஞ்சி சிவப்பு. பரவால்ல மாலிவான்னு சொன்னா. எனக்கு வெக்கம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பதினாறு வருஷமாக ஊரில் எல்லாரும் ஓடி ஆடுகிற இடத்தைத் துடைத்துவிட்டு, அதைச் சொன்னதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஏலக்காய் பன்னை அவள் பக்கம் தள்ளினேன்.

"அடி அசடே, வகுப்புல யாருடி நிஜத்தைக் கேட்டா? அவளுக்கு வேண்டியது வாக்கியம். நீச்சல்னு சொல்லு, பனிச்சறுக்குன்னு சொல்லு, மலையே ஏறறேன்னு சொல்லு. முழுசா சொல்லணும், தைரியமா சொல்லணும். அவ்வளவுதான்."

"பொய் இல்லயா அக்கா?"

"பாடம்டி. பாடத்துல பொய்யே கிடையாது."

இப்படிச் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து டிசம்பர் முடிய, வாரத்தில் நாலு நாள் என் சமையலறை மேசையில் பயிற்சி நடந்தது. நான் கேட்பேன், அவள் சொல்வாள். என்னோடு பேசும்போது உடைந்து உடைந்து வருகிற பாஷை, அட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்துவிடும். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, ஓர் எழுத்தும் பிசகாமல் வரும்.

"நான் வாரத்தில் இரண்டு முறை நீந்துகிறேன். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். உடற்பயிற்சி உடலுக்கும் மனத்துக்கும் நல்லது."

"அடேயப்பா! ரேடியோவுல செய்தி வாசிக்கறவ தோத்தா போ."

சிரிக்கும்போது கையால் வாயை மூடுவாள். இடது கையால். வலது கை அவ்வளவு உயரம் வராது.

இங்கே நான் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வடக்கே ஹொங்க்காவாரா என்று ஒரு குன்று. ரத்த அழுத்தத்துக்காக வாரத்தில் ரெண்டு மூன்று நாள் ஏறுவேன். உச்சியில் ஒரு பைன் மரத்தில் தபால் பெட்டி மாதிரி ஒரு பெட்டி அடித்திருக்கும். உள்ளே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். ஏறினவர்கள் தேதி போட்டுப் பெயர் எழுதுவார்கள். ஏப்ரல் முடியும்போது விளையாட்டுச் சங்கத்துக்காரர்கள் நோட்டை எடுத்துப்போய்ச் சீட்டுக் குலுக்கி நாலைந்து பேருக்குக் காப்பிப் பொட்டலமோ கம்பளிக் காலுறையோ கொடுப்பார்கள். காவலுக்கு யாரும் கிடையாது. ஏறாமல் பெயர் எழுதுகிற ஆள் எங்கள் ஊரில் பிறக்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

முட்டி போவதற்கு முன்னால் மாலியும் என்னோடு ஏறுவாள். குளிரில் அவளுக்கு எங்கள் எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் ரெண்டு பெயரையும் நானே எழுதிவிடுவேன். ஹில்க்கா, கீழே மாலிவான். அவள் வருவது நின்றுபோனது. என் கை நிற்கவில்லை. முதல் தடவை மறதியாக எழுதினேன். ரெண்டாம் தடவை தெரிந்தே எழுதினேன். அந்தக் காட்டில் ஒற்றைப் பெயரை எழுதிவிட்டு இறங்க எனக்குப் பிடிக்கவில்லை, கண்ணுகளா. வேறு காரணம் எதுவும் இல்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவும் அப்போது தோன்றவில்லை.

ஜனவரியில் அந்த அறிக்கைக்காக டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. போனில் மொழிபெயர்க்க ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று கடிதத்தில் இருந்தது. மாலி வேண்டாம் என்றாள்.

"அந்தப் போன் பொம்பளை தாம்பரே ஊர்ல இருக்கா. எல்லாத் தாய்ப் பொண்ணுக்கும் அவளத் தெரியும். என் முட்டி இன்னைக்கு, நாளைக்கு ஃபின்லாந்து பூரா என் முட்டி."

"சரி, நான் வரட்டுமா?"

"வேணாம் அக்கா. நான் பேசறேன். நான் இப்ப பேசுவேன்."

அந்த முகத்தைப் பார்த்து வருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. தௌனோவின் சாவுக்குப் பிறகு அவள் எதற்கும் நான் பண்ணுகிறேன் என்று சொன்னதே இல்லை.

மத்தியானம் ரெண்டு மணிக்கு நேராக என் வீட்டுக்கு வந்தாள். கடையில் கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, தலையை வாரிக் கட்டியிருந்தாள். ஒற்றைக் கையால் எப்படித்தான் கட்டினாளோ.

"அக்கா! பதினொரு வாக்கியம்!"

"என்னடி பதினொண்ணு?"

"டாக்டர்கிட்ட. நான் எண்ணினேன். பதினொண்ணு பேசினேன், ஒண்ணும் தப்பு இல்ல. டாக்டர் சொன்னார், உங்க ஃபின்னிஷ் ரொம்ப நல்லா இருக்குன்னு."

கேக் வெட்டக் கத்தியைத் தேடிக்கொண்டே கேட்டேன். "வலியைச் சொன்னியா?"

"சொன்னேன். முட்டி, தோள், முதுகு. கைய தூக்கச் சொன்னார். தூக்கினேன்."

"தூக்கினியா? எப்படித் தூக்கின?"

"பல்லைக் கடிச்சு. எங்க ஊர்ல டாக்டர் முன்னால அழக்கூடாது அக்கா. வலிக்குதான்னு கேட்டார். கொஞ்சம்னு சொல்லிச் சிரிச்சேன்."

கத்தி கிடைத்தது. வெட்டவில்லை.

"அப்புறம் அவர் கேட்டாரு பாரு, அப்படியே விர்பி டீச்சர் கேள்வி! நீங்க என்ன உடற்பயிற்சி பண்றீங்க? ஒரு எழுத்து மாறல அக்கா. நான் சொன்னேன், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். நான் வாரத்தில் இரண்டு முறை நீந்துகிறேன். எல்லாம் சொன்னேன். அவர் டைப் அடிச்சுக்கிட்டே தலையை ஆட்டறார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே என்னமோ கேட்டார், அது மட்டும் எனக்குப் புரியல. யோ-ன்னு சொல்லிட்டேன்."

"மாலி." கத்தியைக் கீழே வைத்தேன். "அது பாடம்டி."

"ஆமா அக்கா. பாடம். நல்லா சொன்னேன்."

அவள் கண் அப்படி மின்னியது. அதற்கு மேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டாக்டருக்குக் கண் இல்லையா, எக்ஸ்ரே இல்லையா, ஒரு வருஷத்துக் காகிதம் எல்லாம் அவர் முன்னால்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேக்கை வெட்டினேன். அன்றைக்கே கிளம்பிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சுகாதார நிலையம் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை.

ஏப்ரல் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. அலுவலகத்துப் பாஷை அவளுக்குப் புரியாது. நான்தான் படித்தேன்.

"விண்ணப்பதாரரின் தோள் மற்றும் முழங்கால்களில் தேய்மானம் காணப்படுகிறது. எனினும், விண்ணப்பதாரர் தாமே தெரிவித்தபடி, ஓய்வு நேரத்தில் தவறாமல் பனிச்சறுக்கு, நீச்சல், குன்று நடை ஆகியவற்றில் ஈடுபட்டு வருகிறார். எனவே அவரது பணித்திறன் குறைந்துள்ளதாகக் கருத இயலாது."

ரெண்டு தடவை படித்தேன். வேறு வார்த்தைகளில் மெதுவாக விளக்கினேன். அவள் கடிதத்தை வாங்கி, பனிச்சறுக்கு என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"நான் சொன்னது இது."

"ஆமா."

"இது நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்கடி."

"ஏன் அக்கா? என் காலைப் பாக்கலையா?"

மறுபடி கடிதத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. குன்று நடை. அட்டைகளில் குன்று கிடையாது. நாங்கள் அந்த வாக்கியத்தைப் பழகவே இல்லை.

மறுநாள் காலையில் நான் சுகாதார நிலையத்துக்கு, அந்த அறிக்கையை எழுதின டாக்டர் லோய்க்கனெனைப் பார்க்கப் போனேன். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனுஷர், நல்லவர். எனக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பது அவர்தான். அவள் சொன்னது எல்லாம் வகுப்புப் பாடம், ஒன்றும் நிஜமில்லை, அவளால் கடைப் படியே ஏற முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். எங்கள் ஊர் ஆண்கள் அப்படித்தான், முடிகிற வரை கேட்பார்கள்.

"ஹில்க்கா, எனக்கும் முதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு. அந்த எக்ஸ்ரேயோட எப்படிப் பனிச்சறுக்குன்னு யோசிச்சேன். ஆனா அவங்க குன்று ஏறறது எனக்கே தெரியும். நானும் ஞாயித்துக்கிழமை அங்க ஓடறவன்தான். நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் அவங்க பேரு இருக்கு. மாலிவான்னு இந்த ஊர்ல வேற யாரு? அவங்ககிட்டயே கேட்டேன், ஹொங்க்காவாரா பெட்டியில உங்க பேரைப் பாத்திருக்கேனேன்னு. ஆமான்னாங்க."

அந்த அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோ-ன்னு சொல்லிட்டேன் என்று அவள் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"அது நான் எழுதினது" என்றேன்.

"எது?"

"அவ பேரு. அவ ரெண்டு வருஷமா ஏறல. நான் எழுதினேன். ஒவ்வொரு தடவையும்."

டாக்டர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை ஒரு புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஏறாமயே எழுதினீங்களா?"

"நான் ஏறினேன். அவளுக்காகவும் எழுதினேன்."

"எதுக்கு?"

அறுபத்தெட்டு வயதில் ஒரு டாக்டர் முன்னால் எனக்குத் தனியாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? "தெரியல" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். "நான் திருத்தி இன்னொரு அறிக்கை எழுதறேன். நீங்களும் கையெழுத்துப் போட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க. மேல்முறையீட்டுல சேத்து அனுப்பலாம். ஆனா ஒண்ணு ஹில்க்கா, நான் உறுதி சொல்ல முடியாது. ஓய்வூதிய அலுவலகத்துல முதல்ல வந்த காகிதத்தைத்தான் நம்புவாங்க. ஓய்வூதியம் கிடைக்காதுன்னு தெரிஞ்சப்புறம் மாத்திச் சொல்றாங்கன்னு நினைப்பாங்க."

அன்று ராத்திரியே என் பங்குக்கு நானும் எழுதினேன். அதுபோல ஒரு கடிதம் என் வாழ்நாளில் எழுதியதில்லை. நான், இன்ன பெயர், இன்ன விலாசம், ஏறாத ஒருவரின் பெயரைப் பலமுறை நோட்டில் எழுதினேன். மாலியிடம் டாக்டர் திருத்தி எழுதுகிறார் என்று மட்டும் சொன்னேன். நோட்டு விஷயத்தைச் சொல்ல ஒவ்வொரு நாளும் கிளம்பி, ஒவ்வொரு நாளும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன்.

மே மாதம் பிறந்ததும், காத்திருக்க வழியில்லாமல், அவள் கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். போன முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் சிவப்பு ரிப்பன் கட்டின ஒரு காப்பிப் பொட்டலம்.

"அக்கா, சங்கத்துக்காரர் வந்தார். வாழ்த்துக்கள்னு கை குடுத்தார். இது குடுத்தார். எனக்கு ஏன் காப்பி?"

ரிப்பனில் ஒரு சீட்டு இருந்தது. அவளே எழுத்துக் கூட்டிப் படித்திருந்தாள், ஆனால் அர்த்தம் பிடிபடவில்லை. ஹொங்க்காவாரா பெட்டி, இந்தப் பருவம், மாலிவான், அறுபத்து மூன்று முறை.

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம். நின்றபடியே கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, நோட்டு, என் கை, டாக்டர் சிரித்துக்கொண்டு கேட்ட கேள்வி, அவள் சொன்ன யோ. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். ஒரு தப்பை எளிய வார்த்தைகளில் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏன் எழுதினீங்க அக்கா?"

இவளிடம் சொல்ல முடிந்தது. "தனியா இருந்துச்சுடி."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அட்டை வைத்துப் பழகும்போது நிற்கிற மாதிரியே நின்று, ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

"நான் இந்தக் குளிர்காலத்தில் அறுபத்து மூன்று முறை குன்றில் ஏறினேன்."

அழகான வாக்கியம். விர்பி கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள்.

"மாலி..."

"சரியா அக்கா? தப்பு இருக்கா?"

"தப்பு இல்லடி."

காப்பிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தாள். கோட்டுப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். கோபமாகப் போட்டிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். கண்ணாடிச் சாமானை வைக்கிற மாதிரி வைத்தாள். படியில் அவள் இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு கால், நடுவில் ஒரு நிறுத்தம்.

செப்டம்பரில் வகுப்பு திரும்பத் தொடங்கியது. அவள் போகவில்லை. சாயங்கால வேலை வந்துவிட்டதே என்று விர்பியிடம் நான் சொன்னேன். "எவ்வளவு நல்லா பேச ஆரம்பிச்சாங்க" என்று அவள் வருத்தப்பட்டாள். அவளிடம் நான் மீதியைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பெண்ணுக்கும் ஒரு தூக்கம் கெட வேண்டுமா?

மேல்முறையீட்டுக்கு நவம்பரில் பதில் வந்தது. முன்பு எடுத்த முடிவே சரி என்றிருந்தது. பிற்பாடு வந்த அறிக்கையும் முன்னாள் சக ஊழியரின் கடிதமும், விண்ணப்பதாரர் சரளமான ஃபின்னிஷ் மொழியில் தாமே அளித்த வாக்குமூலத்தை மாற்றப் போதுமானவை அல்ல. சரளமான என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய பதினொரு வாக்கியத்துக்கு ஊரில் வேறு யாரும் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை.

நான் குன்று ஏறுவதை விட்டுவிட்டேன். ஏறினால் ஒற்றைப் பெயர் எழுத வேண்டும், எழுதாமல் இறங்கவும் கை விடாது. டாக்டர் திட்டினார், ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று. அதனால் புதன்கிழமை மத்தியானம் கூடத்தில் எங்கள் வயதுக்காரர்களுக்கு நடக்கிற நாற்காலிப் பயிற்சியில் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் பயிற்சிக்காகப் போகவில்லை. அவள் வேலைக்கு வருகிற நேரம் அது.

மூன்றரை மணிக்கே ஜன்னல் எல்லாம் கறுத்துப்போகும். பதினைந்து பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். நடுவில் நின்று சொல்கிற பெண்ணுக்குக் குரல் கணீரென்று இருக்கும். குனியுங்க. நிமிருங்க. கையை மேல தூக்குங்க, இன்னும், இன்னும், கூரையைத் தொடுங்க. அந்த வார்த்தை எல்லாம் எங்கள் சமையலறையில் புழங்கியவை. சுவரோரமாக மாலி மாப்போடு நகர்ந்துகொண்டிருப்பாள். அவள் இப்போது இடது கையால்தான் தள்ளுகிறாள். வலது கையைக் கோட்டு மாட்டுகிற மாதிரி கம்பில் சும்மா மாட்டியிருப்பாள். குனிய வேண்டிய இடம் வந்தால் முதலில் சுவரைப் பார்ப்பாள்.

என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள். பகை ஒன்றும் இல்லை. அக்கா என்பதும் நிற்கவில்லை. ஆனால் யோ, எய், நாளைக்கு, போதும். அவ்வளவுதான். வாளிக்கு வெளியே ஒரு வார்த்தை கிடையாது.

போன புதன்கிழமை பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தி, ஆய்லி என்று பெயர், எதையும் கேட்டுவிடுகிற சுபாவம், ஆனால் மனசில் கள்ளம் இல்லாதவள். மாலியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னம்மா, எப்பப் பாத்தாலும் எங்களையே பாத்துக்கிட்டு நிக்கறியே. நீயும் வந்து உக்காரேன் எங்க கூட. ஆமா, நீ என்ன உடற்பயிற்சி பண்ற?"

என் கையில் ஒரு நாற்காலி இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதே கேள்வி. அவளுக்குப் பதினொரு பதில் தெரியும். மாப்பை நிறுத்தினாள். ஆய்லியைப் பார்க்கவில்லை, ஆய்லியின் தலைக்கு மேலே தெரிந்த என்னைப் பார்த்தாள்.

"எய்" என்றாள்.

ஆய்லி சிரித்துவிட்டுப் போனாள், பாவம், இவளுக்கு இன்னும் பாஷை வரவில்லை என்று என்னிடம் முணுமுணுத்தாள். மாலி மாப்பை வாளியில் போட்டாள். ஒற்றைக் கையால் பிழிந்தால் தண்ணீர் முழுசாக வடியாது. சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் உட்கார்ந்திருந்த வட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.